முன்னணி கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவர்களை எப்படித் தயார் செய்கிறார்கள்? அங்கே அவர்களை எப்படி நடத்துகிறார்கள்?

சின்னச் சின்ன கிளப் ஆட்டங்களுக்கு ஏழெட்டு வருடம் விசில் ஊதியவன் நான். பெரிய மைதானங்களை டிவியில் பார்த்ததோடு சரி. ஆனால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தன் நடுவர்களுக்கு வைக்கும் உடல்தகுதித் தேர்வை ஒருமுறை ஓடிப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் 40 மீட்டரை ஆறு முறை பாய்ந்து ஓட வேண்டும். ஆண் நடுவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 6 விநாடிதான் கெடு. இதை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். அடுத்ததுதான் ஆளைச் சாய்க்கும். 75 மீட்டரை 15 விநாடியில் ஓட வேண்டும், அடுத்த 25 மீட்டரை 18 விநாடியில் நடக்க வேண்டும். இப்படி 40 தடவை, அதாவது 400 மீட்டர் தடத்தில் பத்துச் சுற்று. காகிதத்தில் பார்த்தால் சுலபம். முதல் மூன்று சுற்று பக்கத்தில் வந்தவரோடு பேசிக்கொண்டேதான் ஓடினேன். ஐந்தாவது சுற்றில் அந்த 18 விநாடி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு மூச்சு இழுப்பதற்குள் அடுத்த விசில். ஆறாவதில் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

2022 உலகக் கோப்பை இறுதியை நடத்திய போலந்து நடுவர் ஷிமோன் மார்ச்சினியாக்குக்கு அப்போது 41 வயது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதுவும் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, அந்த ஆட்டத்தின் மூன்றாவது பெனால்டியைக் கொடுக்கிறார். ஓடிக் களைத்த மனிதருக்கு அந்த நேரத்தில் கண்ணும் மூளையும் தெளிவாக இருக்க வேண்டும். தேர்வு அவ்வளவு கடுமையாக இருப்பது அதற்காகத்தான்.

கால் மட்டும் போதாது, படிப்பும் வேண்டும். இத்தாலியின் முன்னாள் நடுவர் பியர்லூயிஜி கொல்லினா இரு அணிகளின் ஆட்டமுறையையும் முன்கூட்டியே அலசிவிட்டுப் போவதில் பேர்போனவர். பந்து எங்கே வரும் என்று தெரிந்தால்தான் அதற்கு முன்பே சரியான கோணத்தில் போய் நிற்கலாம். பின்னால் துரத்திக்கொண்டு போனால் ஆட்டக்காரரின் முதுகுதான் தெரியும். நான் கொடுத்த தப்பான ஃபவுல்களில் பாதி முதுகைப் பார்த்துக் கொடுத்தவை.

சரி, மரியாதை எப்படி? ஆட்டம் முடியும்வரை ராஜ மரியாதைதான். தங்க நல்ல இடம், கூடவே பாதுகாப்பு, தனி உடைமாற்றும் அறை, காதில் உதவியாளர்களின் குரல், பந்து கோட்டைத் தாண்டினால் ஒரு விநாடிக்குள் அதிரும் கைக்கடிகாரம். 2022 உலகக் கோப்பைக்கு நடுவர், உதவி நடுவர், வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். குழு என மொத்தம் 129 பேரை அழைத்துப் போனார்கள். ஆனால் ஒவ்வொரு முடிவையும் உட்கார்ந்து மதிப்பிட ஆள் உண்டு. தடுமாறினால் அடுத்த ஆட்டம் கைக்கு வராது. இன்னொரு வேடிக்கை: சொந்த நாடு இறுதிக்கு வந்துவிட்டால் இவர்களுக்கு அந்த வாய்ப்பே போய்விடும்.

அப்புறம் இறுதி விசில். ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோப்பா லீக்கின் 2023 இறுதியில் இத்தாலிய கிளப் ரோமா தோற்றதும், அதன் பயிற்சியாளர் மொரீனியோ வாகன நிறுத்துமிடத்தில் வைத்து நடுவர் ஆண்டனி டெய்லரைத் திட்டினார். மறுநாள் புடாபெஸ்ட் விமான நிலையத்தில் ரசிகர்கள் டெய்லரைச் சூழ்ந்துகொண்டார்கள். குடும்பமும் கூட இருந்தது, நாற்காலி பறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் துருக்கியில் ஒரு கிளப்பின் தலைவரே மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். லீக் ஆட்டங்களையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். என்னைக் கேட்டால், இருபது வருடம் தாமதம்.

டெய்லர் செய்தியைப் பார்த்தபோது என் முதல் ஆட்டம் நினைவுக்கு வந்தது. மூத்த நடுவர் ஒருவர் சட்டப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னது இதுதான்: "தம்பி, வண்டியைக் கேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திட்டு வா."