டெத் நோட்: எங்கே நிமிர்கிறது, எங்கே தளர்கிறது? – கேள்வி பதில்

நிப்பான் டிவியில் 2006 அக்டோபர் முதல் 2007 ஜூன் வரை 37 பகுதிகளாக ஒளிபரப்பான ‘டெத் நோட்’ என்னும் ஜப்பானிய அனிமே (அசைபடம்) தொடர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒருவரின் முகத்தை மனத்தில் நிறுத்திப் பெயரை எழுதினால் அவர் இறந்துவிடுவார். அப்படியொரு நோட்டுப் புத்தகம் பள்ளி மாணவன் லைட் யாகாமியின் கையில் சிக்குகிறது. குற்றவாளிகளை வரிசையாகக் கொல்லும் அவனுக்கு உலகம் ‘கிரா’ என்று பெயர் வைக்கிறது. அவனைப் பிடிக்க வருகிறான் எல் என்னும் துப்பறிவாளன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்த பிறகு படியுங்கள்.

கேள்வி: கொலைகாரன் யார் என்று முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் துப்பறிய என்ன மிச்சம் இருக்கிறது?

அவன் எப்படி மாட்டுவான் என்பது மிச்சம் இருக்கிறது. இந்தத் தொடரின் பெரிய பலமே அதுதான். இரண்டாம் பகுதியைப் பாருங்கள். உலகம் முழுவதும் நேரடி ஒளிபரப்பு என்று அறிவித்துவிட்டு, ‘நான்தான் எல்’ என்று ஒருவன் தொலைக்காட்சியில் பேசுகிறான். ஆத்திரத்தில் லைட் அவன் பெயரை எழுதிக் கொன்றுவிடுகிறான். இறந்தவன் மரண தண்டனைக் கைதி. அந்த ஒளிபரப்பும் ஜப்பானின் கான்டோ பகுதிக்கு மட்டுமே போனது. கிரா எந்த வட்டாரத்தில் இருக்கிறான், முகமும் பெயரும் தெரியாத ஆளை அவனால் கொல்ல முடியாது என்ற இரண்டும் ஒரே கொலையில் வெளியே வந்துவிடுகின்றன.

அடுத்து, மரணங்கள் நிகழும் நேரத்தை வைத்துக் கிரா ஒரு மாணவனாக இருக்கலாம் என்று எல் ஊகிக்கிறான். உடனே லைட் மணிக்கு ஒருவர் என்று நேரத்தை மாற்றிக் காட்டுகிறான். காவல்துறையின் தகவல் கிராவுக்குக் கிடைக்கிறது என்று அதிலிருந்து எல் புரிந்துகொள்கிறான். எல் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், அவனும் காவல்துறையும் ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டும் என்பதுதான் லைட்டின் திட்டம். யார் ஆடு, யார் புலி என்று இருவருக்குமே நிச்சயமாகத் தெரியாத ஆடுபுலி ஆட்டம் இது. நகர்த்தும் ஒவ்வொரு காயும் நகர்த்தியவனைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. குற்றக் கதைகளில் இவ்வளவு நேர்த்தியான தொடக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: மாயப் புத்தகம் என்று வந்துவிட்டால் கதாசிரியர் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாமே. இது ஏமாற்று வேலை இல்லையா?

விதிகள் இல்லாவிட்டால் ஏமாற்று வேலைதான். இங்கே விதிகள் இருக்கின்றன, முன்கூட்டியே நமக்குச் சொல்லவும்படுகின்றன. பெயரை எழுதி 40 விநாடிக்குள் காரணம் எழுதாவிட்டால் மாரடைப்பு. காரணம் எழுதினால், மரண விவரங்களை எழுத மேலும் 6 நிமிடம் 40 விநாடி. லைட் இந்த எல்லைகளுக்குள் நின்றுதான் சூழ்ச்சி செய்கிறான். புத்தகத்தில் பொய்யான ஒரு விதியை எழுதவைத்து விசாரணைக் குழுவையே திசைதிருப்புகிறானே, தொடரின் மிகச் சிறந்த யோசனை என்று அந்தப் 13 நாள் விதியைத்தான் சொல்வேன். பெயர் எழுதியவன் 13 நாளுக்குள் அடுத்த பெயரை எழுதாவிட்டால் அவனே இறந்துவிடுவான் என்பது அந்தப் பொய் விதி. விதிகளை நம்பும் பழக்கத்தையே அது ஆயுதமாக்கிவிடுகிறது.

கேள்வி: எல் இறந்த பிறகு தொடரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. மூலமான மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) 108 அத்தியாயங்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதியைக் கடைசி 11 பகுதிகளுக்குள் அடைத்துவிட்டார்கள். அதனால் எல்லுக்குப் பிறகு கிராவைத் தேடும் இருவரில் ஒருவனான மெல்லோவின் செயல்கள் காரணம் புரியாத அவசரமாகத் தெரிகின்றன. லைட்டுக்காகப் பெயர்களை எழுதும் மிகாமியைச் சரியாக அறிமுகம் செய்துகொள்வதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

அவசரத்தை மட்டும் குறை சொன்னால் போதாது. எல், லைட்டின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தவன். ஒரே கல்லூரியில் படித்தார்கள், டென்னிஸ் ஆடினார்கள், ஒரே விலங்குச் சங்கிலியில் பிணைக்கப்பட்டு நாள்களைக் கழித்தார்கள். ஒருவன் முகம் சற்று மாறினாலும் மற்றவனுக்கு ஆபத்து. எல்லின் இடத்துக்கு வந்த மற்றவனான நியரோ கடைசிக் கிடங்குக் காட்சி வரை லைட்டை நேரில் சந்திப்பதே இல்லை. தூரத்திலிருந்து பொம்மைகளை அடுக்கிக்கொண்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் புத்தி இருக்கிறது, பதற்றம் இல்லை. வெற்றியைத் தீர்மானிக்கும் தந்திரமும் பலவீனமானது. மிகாமியின் நோட்டுப் புத்தகம் முழுவதையும் நியரின் ஆள் ஒருவர் அச்சு அசலாக நகல் எடுத்து, உண்மையானதற்குப் பதிலாக வைத்துவிடுகிறார். மங்காவில் அதற்கு ஒரே இரவு போதுமானதாக இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் காட்டிய கதை, கடைசி அடிக்கு மட்டும் நம்மை நம்பச் சொல்கிறது.

கேள்வி: பெண் கதாபாத்திரங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். எனக்கு உண்மையான வருத்தம் அங்கேதான். முன்னாள் எஃப்பிஐ அதிகாரி நவோமி மிசோரா, கிராவால் மாரடைப்பு தவிர வேறு வழிகளிலும் கொல்ல முடியும் என்பதை எல்லோருக்கும் முன்பே கண்டுபிடிக்கிறாள். ஏழாம் பகுதியில் லைட் அவளிடம் உண்மைப் பெயரை வாங்கும் காட்சி உள்ளத்தை உறையவைக்கிறது. ஆனால், அத்தனை கூர்மையான ஒருத்தி வந்த வேகத்திலேயே கதையிலிருந்து நீக்கப்படுகிறாள். அதன் பிறகு அவளுடைய இடத்தை எவரும் நிரப்பவில்லை. லைட்டைக் காதலிக்கும் இரண்டாவது கிராவான மிசா, முகத்தைப் பார்த்தே பெயரை அறியும் கண்களுக்காகத் தன் ஆயுளில் பாதியை இரண்டு முறை கொடுத்துவிடுகிறாள், அதுவும் காதலுக்காக. அந்தத் தியாகத்தின் பாரத்தைத் தொடர் ஒரு நிமிடம்கூட நின்று பார்ப்பதில்லை. இதை அந்தக் காலத்துப் போக்கு என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எழுதுவதையும் உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்பதையும்கூடப் போர்க்காட்சி போலக் காட்டுகிறார்களே, மிகையாக இல்லையா?

மிகைதான், இந்தக் கதைக்கு அந்த மிகை தேவை. இங்கே கொலை என்பது மேசையில் உட்கார்ந்து எழுதுவது. அதைக் கண்ணுக்கு விருந்தாக்க மேட்ஹவுஸ் நிறுவனமும் இயக்குநர் டெட்சுரோ அராகியும் தேர்ந்தெடுத்த வழி இது. லைட் யோசிக்கும்போது சிவப்பு, எல் யோசிக்கும்போது நீலம் என்று நிறம் மாறுவதையும் கவனியுங்கள். 25ஆம் பகுதியில் எல்லும் லைட்டும் மழையில் நனையும் மாடிக் காட்சி மங்காவில் கிடையாது; அனிமே குழு சேர்த்தது. தொடரிலேயே மிக அழகான சில நிமிடங்கள் அவை.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இதைப் பார்க்க விடலாமா, ஐயா?

தனியாக வேண்டாம், அம்மா. ரத்தம் குறைவுதான். ஆனால், மிசாவைக் கண்ணைக் கட்டி, கைகால்களைப் பிணைத்து விசாரிக்கும் காட்சிகள் இருக்கின்றன. அதைவிட, ‘கெட்டவர்களைக் கொன்றால் என்ன தவறு’ என்ற லைட்டின் வாதம் பதின்ம வயதில் மிகவும் கவர்ச்சியாகத் தெரியும். கூடவே உட்கார்ந்து பாருங்கள். எஃப்பிஐ அதிகாரி ரே பென்பர் இறக்கும் ஐந்தாம் பகுதி முடிந்ததும், ‘இவர் என்ன குற்றம் செய்தார்?’ என்று மகனிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் எல் நல்லவனா?

இல்லை. மரண தண்டனைக் கைதியைத் தூண்டிலில் மாட்டியவன் அவன். புத்தகத்தைச் சோதிக்கவும் கைதிகளைப் பயன்படுத்தத் தயாராக இருந்தான். நம்மை அவன் பக்கம் நிற்கவைத்துவிட்டு, அந்தக் கேள்வியைத் தொடர் மெல்லக் கைவிட்டுவிடுகிறது. அதை இன்னும் தொடர்ந்திருக்கலாம்.

கேள்வி: அனிமே முடிவா, மங்கா முடிவா, எது சிறந்தது?

மங்கா முடிவு. இரண்டிலும் லைட்டைச் சுடுபவர் விசாரணைக் குழுவின் காவலர் மட்சுடா. தொடக்கத்தில் சொன்னபடியே லைட்டின் பெயரை எழுதிக் கதையை முடிப்பவன், அந்தப் புத்தகத்தைப் பூமியில் போட்ட மரண தேவன் ரியூக். அனிமேயில் லைட் தப்பி ஓடி, மாலை வெளிச்சத்தில் படிக்கட்டில் சாய்ந்து, எல்லின் உருவத்தைப் பார்த்தபடி அமைதியாகக் கண் மூடுகிறான். மங்காவில் கிடங்கின் தரையிலேயே கிடந்து, சாக விரும்பவில்லை என்று கதறுகிறான். அத்தனை பேரைக் கொன்றவனுக்கு அந்த அழகிய மாலையைக் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: நடிகர்களை வைத்து எடுத்த படங்கள்?

2006இல் வந்த இரண்டு ஜப்பானியப் படங்களையும் பாருங்கள். இரண்டாவதில் எல் தன் பெயரைத் தானே புத்தகத்தில் எழுதி, இறக்கும் நாளையும் குறித்துவிடுவதால் லைட்டால் அவனைக் கொல்ல முடிவதில்லை. புத்தகத்தின் விதியை வைத்தே எட்டிய அந்த முடிவு, நியரின் நகல் தந்திரத்தைவிட எனக்கு நிறைவாக இருந்தது.