பாலாற்று மணல்மேட்டில் மூக்குக் குத்தும் டிரக்

வணக்கம் நண்பரே. வேலூர்ப் பாலாற்று மணல்மேட்டிலிருந்து தாவும்போது உங்கள் ரிமோட் டிரக் மூக்குக் குத்தி விழுவதாக எழுதியிருந்தீர்கள். மேட்டின் விளிம்பில் பயந்து திராட்டிலை (ரிமோட்டில் வேகம் கூட்டும் விசையை) சட்டென விட்டுவிடுகிறீர்கள் என்றே எண்ணுகிறேன். அப்போது சக்கரங்களின் சுழற்சி குறைய, அந்தச் சுழல் உந்தம் உடற்பகுதிக்கு மாறி முன்பக்கத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. காற்றில் திராட்டிலைக் கூட்டினால் முன்பக்கம் எழும். பிரேக்கைத் தொட்டால் தாழும். ஆனால் முழு வேகத்தில் தாவினால் சக்கரங்கள் அதற்குமேல் விரைவுபட வழியில்லை என்பதால், பாதித் திராட்டிலில் ஏறி, மிச்சத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். (இதைக் கற்பதற்குள் என் முன்பம்பர் இரண்டு முறை உடைந்தது.) தரையைத் தொடும் நொடியில் மட்டும் முழுத் திராட்டில் வேண்டாம், பற்சக்கரத்தின் பற்கள் போய்விடும்.