ஸ்கேனில் இரைப்பைச் சுவர் தடிப்பு: உடனே ஆபரேஷனா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலை பறிக்கும் என் மாமியாருக்கு 58 வயது. நெடுநாள் வயிற்றெரிச்சலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், இரைப்பைச் சுவர் தடித்திருப்பதால் புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதியுள்ளனர். தெரிந்தவர் ஒருவர் கோவையில் உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஸ்கேன் தடிப்பைக் காட்டுமே தவிர, அதற்கான காரணத்தைச் சொல்லாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் உண்டாகும் நாட்பட்ட அழற்சியிலும் புண்ணிலும் சுவர் வீங்கித் தடிக்கும். இரைப்பை சரியாக விரியாதபோது படம் எடுத்தால் நல்ல சுவர்கூடத் தடித்தே தெரியும். தேவையானது எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது), அதுவும் தள்ளிப்போடாமல். உள்ளே பார்த்துவிட்டு வந்தால் போதாது. புண் இருந்தால் அதன் ஓரங்களிலிருந்தும் நடுவிலிருந்தும் 6 முதல் 8 சதைத் துணுக்குகள் எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும்.

அந்தத் 'தெரிந்தவர்' யாரென்று விசாரியுங்கள். மலையிலிருந்து நோயாளியை காரில் இறக்கி, மருத்துவமனையில் சேர்த்துவிட்டு கமிஷன் வாங்கும் புரோக்கர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயாப்ஸி முடிவு வராமல் ஆபரேஷன் தேதி சொல்பவரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொடுக்காதீர்கள். 'ரத்தத்திலேயே புற்றுநோய் தெரிந்துவிடும்' என்று சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொன்னால் அதையும் மறுங்கள். புகைப்பவருக்கும் அதன் அளவு உயரலாம், புற்றுநோய் உள்ளவருக்கும் சரியாகவே இருக்கலாம். இலை பறிப்பவர் கையில் ஆங்கில ரிப்போர்ட்டைத் திணித்து, ஒரு வார்த்தை விளக்காமல் அனுப்பும் நம் வழக்கம்தானே புரோக்கருக்குப் பிழைப்புத் தருகிறது!

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிலவகைப் புற்றுநோய் மேற்பரப்பில் புண்ணாகத் தெரியாமல் சுவரின் அடியில் பரவி, இரைப்பையையே விறைக்கச் செய்யும். மேலோட்டமான துணுக்கில் அது அகப்படாமல் போகலாம். 'வெறும் அழற்சி' என்றே முடிவு வரலாம். காற்றைச் செலுத்தியும் இரைப்பை விரியவில்லை என்று எண்டோஸ்கோபி குறிப்பில் இருந்தாலோ, சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ, அந்த முடிவோடு நிற்காமல் ஆழமான துணுக்கோ எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டோ கேளுங்கள்.

கடையில் வாங்கி விழுங்கும் பேன்டோப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எரிச்சலை அடக்கி நோயை மறைக்கும். கிருமிப் பரிசோதனையையும் பொய்யாக்கும். அவர் அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிருமி இருந்தால் வழக்கமாக 14 நாள் மாத்திரைகள். இரைப்பைப் புண் இருந்தால் 8 முதல் 12 வாரத்தில் மீண்டும் எண்டோஸ்கோபி செய்து ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பயாப்ஸி முடிவில் சந்தேகம் எழுந்தால், ஆய்வகத்தில் உள்ள ஸ்லைடுகளையும் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, வேறொரு நோய்க்கூறு நிபுணரிடம் காட்டலாம்.