நைரேரே விஷயத்தில் யாரை நம்புவது?

கேள்வி: தான்சானியாவில், டார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். இங்கே கடை, ஆபீஸ் என்று எங்கே போனாலும் இப்போதைய ஜனாதிபதியின் படத்தோடு நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே படமும் தொங்குகிறது. எங்கள் முதலாளி குஜராத்தி, மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். நைரேரே பேச்சை எடுத்தாலே "எங்க தாத்தா கட்டின கட்டிடத்தை 1971-ல பிடுங்கிக்கிட்ட ஆளு" என்பார். எங்கள் டிரைவர் வயதானவர். சோப்புக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்ற கதையை அவரே சொல்கிறார், ஆனாலும் நைரேரேயை 'முவாலிமு' (ஆசிரியர்) என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. தலைமை, ஒற்றுமை, சமாதானம் பற்றி நைரேரே பேசியதையெல்லாம் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அக்டோபர் 14 அவருடைய நினைவு நாள். ஆபீஸில் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். யாரை நம்பிப் பேசட்டும்?

பதில்: தம்பி, இரண்டு பேரையும் நம்புங்கள். இருவருமே தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது சரியென்றால் இன்னொருவர் சொல்வது தப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு படித்தால் நைரேரே உங்கள் கையில் அகப்படவே மாட்டார்.

முதலில் முதலாளியின் கசப்பு. 1971-ல் வந்த சட்டப்படி, ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள, வாடகைக்கு விட்டிருந்த கட்டிடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் நஷ்ட ஈடும் கிடையாது. சட்டத்தில் நிறம், இனம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நகரத்தில் அப்படிக் கட்டிடம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இந்திய வம்சாவளிக்காரர்கள்தான். எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. வாழ்நாள் உழைப்பைப் பறிகொடுத்த வீட்டில் மூன்றாம் தலைமுறைக்கும் அந்த வலி இருக்கத்தான் செய்யும், அதை யாரும் வாதாடித் தீர்க்க முடியாது.

ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்த ஒன்றை நீங்கள் தேடிப் படிக்கவேண்டும். 1961 அக்டோபர், சுதந்திரத்துக்கு இரண்டே மாதம் பாக்கி. தங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) சட்டமன்றத்தில் குடியுரிமை மசோதா. ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும்தான் குடியுரிமை தரவேண்டும் என்று நைரேரேயின் சொந்தக் கட்சிக்காரர்களே எழுந்து பேசுகிறார்கள். கைதட்டல் வாங்க அதைவிட சுலபமான பேச்சு அன்றைக்கு இருந்திருக்காது. நைரேரே கொதித்துப்போனார். இன்றைக்கு நிறத்தை வைத்துப் பிரித்தால், நாளைக்கு மசாய் மட்டும் வேண்டாம், கோகோ மட்டும் வேண்டாம், ஹா மட்டும் வேண்டாம் என்று ஒவ்வொரு இனக்குழுவாக அது போய்க்கொண்டே இருக்கும் என்றார். மசோதா தோற்றால் அரசாங்கமே ராஜினாமா செய்யும் என்றும் சொல்லிவிட்டார். மசோதா நிறைவேறியது. இந்திய வம்சாவளியான அமீர் ஜமால் பல வருடம் நிதியமைச்சராக இருந்ததும், 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது நைரேரே வெளிப்படையாக அதை இனவெறி என்று கண்டித்ததும் இந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சிதான். இதைச் சொன்னால் உங்கள் முதலாளி சமாதானமாகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. கட்டிடத்தை எடுத்தவரும் குடியுரிமையைக் காத்தவரும் ஒரே மனிதர் என்பதுதான் விஷயம்.

தலைமை பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தெரிய, 1966 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம் போதும் என்பேன். கட்டாய தேசிய சேவையையும், அந்தக் காலத்தில் தங்கள் சம்பளத்தில் பிடிக்கப்போகும் தொகையையும் எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஜனாதிபதி மாளிகைக்கு ஊர்வலமாக வந்து மனு கொடுத்தார்கள். இதற்குக் காலனி ஆட்சியே தேவலை என்கிற தொனி வேறு. அதையெல்லாம் முழுக்கக் கேட்ட பிறகு, நீங்கள் சொல்வது சரி, நாட்டில் சம்பளம் அதிகம்தான், என் சம்பளமும் அதிகம்தான் என்று சொல்லி, தன் சம்பளத்தை அந்த நிமிடமே 20 சதவீதம் குறைத்துக்கொண்டார். அதே மூச்சில் நூற்றுக்கணக்கான மாணவர்களை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்! எளிமையும் எதேச்சாதிகாரமும் ஒரே மேடையில் நின்ற நேரம் அது. சில மாதத்தில், 1967 பிப்ரவரியில், அருஷா பிரகடனம் என்ற சோசலிசக் கொள்கை அறிக்கை வந்தது. தலைவர்கள் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. இப்படி அடுத்தவர் சட்டைப்பையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்சியில் இருப்பவர்களின் கையைக் கட்ட நினைத்த தலைவர்கள் எத்தனை பேர்?

உங்கள் டிரைவரின் குரல் ஏன் மாறுகிறது என்று கேட்டால், ஒரு பெரிய காரணம் ஒற்றுமை. 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு. நைரேரே பிறந்த சனாக்கி அதில் ரொம்பச் சின்னது. அதனால் என் ஆட்களுக்கு எல்லாவற்றையும் கொடுக்கிறேன் என்று அவர் பார்த்திருந்தாலும் அது அவருக்கு உதவியிருக்காது. சுவாஹிலி ஆரம்பப் பள்ளியிலும் அரசாங்க அலுவலகத்திலும் உட்கார்ந்தது. மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வேறு மாகாணத்து விடுதிக்கு அனுப்பினார்கள். ஏரிப் பக்கத்துப் பையன் கடற்கரைப் பையனோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சோளக்களி தின்று வளர்ந்தான். பெரியவரிடம் எந்த ஊரில் படித்தீர்கள், கூட யார் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒற்றுமைக்கு விலையும் உண்டு. 1964-ல் பக்கத்துத் தீவு நாடான சான்சிபாரில் புரட்சி நடந்த சில மாதத்துக்குள் அதையும் தங்கனீக்காவையும் ஒரே நாடாக இணைத்தார். அந்த இணைப்பைக் காப்பாற்ற சான்சிபார் ஆட்சியின் கொடுமைகளைக் கண்டும் காணாமல் இருந்தார். 1969-ல் காசிம் ஹங்கா, ஒத்மான் ஷெரீஃப் என்ற இரண்டு தலைவர்களை அங்கே திருப்பி அனுப்பினார், அங்கே அவர்களைக் கொன்றுவிட்டார்கள். விசாரணையில்லாமல் காவலில் வைக்கும் சட்டம் 1962-லேயே வந்துவிட்டது. 1973-க்குப் பிறகு உஜமா என்ற கூட்டு வாழ்க்கைக் கிராமங்களுக்கு ஜனங்களை வலுக்கட்டாயமாகக் குடிபெயர்த்தார்கள், சில இடங்களில் பழைய வீட்டை எரித்தார்கள். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. நல்ல எண்ணம் இருந்தது என்பதெல்லாம் வீடு எரிந்தவனுக்குப் பதிலாகாது. டிரைவர் சொல்லும் வரிசைகளும் இந்தக் கணக்கில்தான் வரும், பெட்ரோலிய விலையும் உகாண்டாவோடு நடந்த போரும் கூடச் சேர்ந்துகொண்டாலும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அவர் பக்கம் சாய்வதற்குக் காரணம், அவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரிந்திருந்தது. சுதந்திரம் வாங்கிய சில வாரத்தில் பிரதமர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனவர், 1962 கடைசியில் ஜனாதிபதியானார். 1985-ல் யாரும் துரத்தாமல் ஓய்வு பெற்றார். கட்சித் தலைமையை மட்டும் 1990 வரை விடவில்லை. பிறகு, ஒரு கட்சி ஆட்சியே போதும் என்று விசாரணைக் குழுவிடம் பெரும்பாலான ஜனங்கள் சொன்னபோதும், பல கட்சி வேண்டும் என்று பேசியவர் அவர். உள்ளாட்சியைக் கலைத்தது தப்பு, கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்தது தப்பு, மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் அந்த இரண்டையும் செய்யமாட்டேன் என்று ஜனாதிபதி பதவியின் கடைசிக் காலத்திலேயே சொன்னவரும் அவர்தான். பொத்தாம்பொதுவாக வருத்தம் சொல்வது வேறு, எது தப்பு என்று பெயர் சொல்லிச் சொல்வது வேறு.

சமாதானம் பற்றிப் பேச வேண்டுமென்றால் உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த பக்கத்து நாடான புருண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர், ஒருவரையொருவர் நம்பாத கட்சிகளை 1996-லிருந்து பேச்சுவார்த்தைக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். 1999-ல் லண்டன் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது ஒப்பந்தம் ஆகவில்லை. மண்டேலா அதைக் கையில் எடுத்தார், 2000 ஆகஸ்டில் அருஷாவில் கையெழுத்தானது.

உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான் இருக்கும். 1961 சட்டமன்றம், 1966 ஊர்வலம், புருண்டி, இந்த மூன்றும் போதும். கட்டிட விஷயத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் முதலாளியிடம் முன்கூட்டியே போய், உங்கள் தாத்தா கதையை நான் மேடையில் சொல்லலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் சட்டத்தை மட்டும் சொல்லுங்கள், குடும்பத்தை இழுக்க வேண்டாம்.