மண்பாண்டங்கள், பீங்கான் பற்றிப் பலருக்கும் தெரியாத சுவையான தகவல் ஏதாவது சொல்ல முடியுமா?

முழுப் பானையைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் உடைந்த பானையைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். சின்ன வயதில் பாண்டி ஆடச் சில்லு வேண்டுமென்றால், குப்பைமேட்டில் பானை ஓடு ஒன்றைப் பொறுக்கி, வாய்க்கால் பாலத்துச் சிமென்ட் திண்டில் வட்டமாகத் தேய்ப்போம். கழுத்துப் பக்கத்து ஓடு வளைந்திருக்கும், சரிப்படாது. வயிற்றுப் பக்கத்து ஓடுதான் தோது. கனம் குறைந்தால் துள்ளிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். நல்ல சில்லு அமைந்துவிட்டால் அதைப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டே தூங்கியவர்கள் உண்டு.

மதுரைக்குப் போகிற வழியில்தான் கீழடி. அங்கே தோண்டியபோது இதே மாதிரி விளிம்பு தேய்த்த வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அவற்றைப் பார்த்தபோது, தங்கக் காதணியை விட அந்தச் சில்லுகளின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும், இப்போது எடுத்துக் கட்டத்தில் எறியலாம் போல இருக்கின்றன.

பானை உடைவது சுலபம், ஆனால் ஓடு அழிவது மகா கஷ்டம். துணி மக்கும், இரும்பு துருப்பிடிக்கும், மரத்தைக் கரையான் தின்னும், பொன்னை உருக்கி வேறு நகை செய்துவிடுவார்கள். உடைந்த பானையை எவன் திருடுவான்?

வெயிலில் மட்டும் காய்ந்த பானையை மழையில் வைத்தால் கரைந்து மறுபடி சேறாகிவிடும். சூளையில் ஏறக்குறைய 500, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் விஷயமே நடக்கிறது. களிமண்ணின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் நீர் அப்போது வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஊறப்போட்டாலும் அது களிமண் ஆகாது. திரும்பி வர வழியே இல்லாத மாற்றம்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்த வேதியியல் தெரியாது, காது தெரியும். சந்தையில் பானையை இடது கையில் ஏந்தி, வலது கை விரல் மொட்டியால் மூன்று இடத்தில் தட்டுவார். கணீரென்று கேட்டால் வாங்குவார். பொத்தென்று கேட்டால், "என்னத்தா, வேகாததை எந்தலையில கட்டப் பாக்குறியா?" என்று விற்கிற அம்மாவிடம் சண்டை. எனக்குச் சொன்னது: "அழகப் பாக்காத ஆத்தா, சத்தத்தக் கேளு." கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் கூட அந்தத் தட்டலில் மாட்டிக்கொள்ளும். கச்சேரியில் வாசிக்கிற எங்கள் ஊர் கடம் இத்தனை புகழ் பெற்றதும் இதே கணீருக்காகத்தான். சக்கரத்தில் வனைந்ததோடு விட்டுவிடாமல், உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குவார்கள். சமையல் பானையை விடக் கடம் நல்ல கனம். தூக்கிப் பார்த்தால் தெரியும்.

சரி, ஓட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஓடு எகிப்தில் இருக்கிறது. செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு சேமிப்பு ஜாடியின் உடைந்த துண்டு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. ஒறி என்றால் நம் உறிதான், வெண்ணெய்ப் பானையைப் பூனைக்கு எட்டாமல் கட்டித் தொங்கவிடுவோமே, அதே கயிற்று உறி. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்று கணித்தவர் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன். ஒரு தடவை எழுதியது போதாதென்று ஜாடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் பெயரில்லை, கடவுள் பெயரில்லை. இது உறியில் தொங்கவேண்டிய பானை, அவ்வளவுதான். நாம் மசாலா டப்பாவில் 'மல்லித்தூள்' என்று ஒட்டி வைப்பது போல.

எதிர்த்திசையிலும் ஓடுகள் வந்திருக்கின்றன. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்தன. அந்தக் கிண்ணங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த கணக்கு. ஆகவே, அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் ஒரு தேதி கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கில் ஒரு பிடிமானம் கிடைத்தது, யாரோ கைதவறிப் போட்டு உடைத்த அந்தச் சாப்பாட்டுக் கிண்ணங்களால்தான்.

அடுத்தது தேர்தல் முறைகேடு. பழைய ஏதென்ஸில் ஒரு அரசியல்வாதியை ஊரை விட்டுப் பத்து வருடம் தள்ளிவைக்க வேண்டுமானால், குடிமக்கள் அவர் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். ஓட்டுக்கு அவர்கள் மொழியில் ஆஸ்ட்ரகான். 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து 190 ஓடுகள் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டக்ளிஸ். பாரசீகக் கடற்படையைச் சலாமிஸில் தோற்கடித்த அதே ஆள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் 190 ஓட்டையும் எழுதியது வெறும் 14 கைகள்! எழுதத் தெரியாதவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் கொடுக்க, எதிர்க்கோஷ்டி முன்கூட்டியே எழுதித் தயார் செய்து வைத்த சரக்கு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டார்கள். அங்கே உடைந்த பானையில் ஓட்டு, இங்கே முழுப் பானைக்குள் ஓட்டு. தமிழில் பானை ஓட்டுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்லாகிப் போனது தற்செயல்தான், அதில் ஆராய்ச்சி செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

ரோமில் ஒரு குன்று இருக்கிறது, மான்ட்டே டெஸ்டாச்சோ. சுமார் 35 மீட்டர் உயரம், மேலே புல் முளைத்துச் சாதுவாக நிற்கும். தோண்டினால் உள்ளே முழுக்க உடைந்த ஜாடி. ஐந்து கோடிக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தெற்கு ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் ஏற்றி வந்தவை. ஏன் திரும்பப் பயன்படுத்தவில்லை? நல்லெண்ணெய் வைத்திருந்த மண்சட்டியை எத்தனை தேய்த்தாலும் சிக்கு வாடை போகாதே, அதே காரணம். எண்ணெய் மண்சுவருக்குள் இறங்கிக் கெட்டுவிடும். ஆகவே உடைத்து, வரிசையாக அடுக்கி, நாற்றம் போக மேலே சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். ஒரு நகரத்தின் எண்ணெய்க் கணக்கு முழுவதும் குப்பையாக நிற்கிறது.

இன்னொன்று. பானை ஓட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மண்ணில் இயல்பாக உள்ள கதிரியக்கத்தின் ஆற்றல், ஓட்டிலுள்ள மணல் துகள்களில் துளித்துளியாகச் சேர்ந்துகொண்டே வரும். சூளையில் வைக்கும்போது முன்பு சேர்ந்ததெல்லாம் அழிந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆய்வகத்தில் அந்தத் துகளை மறுபடி சூடாக்கினால், சேர்ந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளியே வரும். அந்த ஒளியை அளந்து, கடைசியாக எப்போது நெருப்பைப் பார்த்தது என்று சொல்லிவிடுகிறார்கள். போலிச் சுடுமண் சிலைகளைப் பிடிப்பதற்கும் இந்தச் சோதனை உதவுகிறது.

பீங்கானும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் அத்தனை ஈடுபாடு இல்லை, ஆனாலும் ஒரு கதை. வெள்ளைக் களிமண்ணும் 1,300 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் வேண்டும் என்ற சூத்திரம் பிடிபடாமல் ஐரோப்பா பல நூற்றாண்டு சீனாவிடம் கையேந்தி நின்றது. ஜெர்மனியில் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் பைத்தியம். தங்கம் செய்வேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த பொட்கர் என்ற இளைஞனைப் பிடித்து அடைத்து வைத்தான். தங்கம் வரவில்லை, 1708இல் பீங்கான் வந்தது. 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. அப்படியும் ஆசை அடங்காமல், 1717இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய மன்னனிடம் கொடுத்து, பதிலுக்கு 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டான். ஒரு பாத்திரத்துக்கு நான்கு ஆள் வீதம்! பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்துப் 'பிங்கான்' வழியாக வந்ததுதான். அரபிகள் காப்பிக் கோப்பையைச் சொல்லும் 'ஃபின்ஜான்' அதன் உடன்பிறப்பு.

கடைசியாக, வெயில் காலம் என்பதால் என் சொந்தக் கதை. போன வருடம் ஒரு கடையில் குழாய் வைத்த தண்ணீர்ப் பானை வாங்கினேன். வெளியே பளபளவென்று வெள்ளைப் பெயின்ட், மேலே மயில் படம். தட்டிப் பார்த்தேன், கணீர். அப்பத்தா இருந்திருந்தால் மெச்சியிருப்பார் என்ற பெருமையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மூன்று நாள் ஆகியும் தண்ணீர் குளிரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பானை சுவரில் உள்ள நுண்துளை வழியாக நீர் கசிந்து, வெளியே ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. பெயின்ட் அத்தனை துளையையும் அடைத்துவிட்டது. பானை வியர்க்க வேண்டும், வெளிப்புறத்தைத் தொட்டால் கை ஈரமாக வேண்டும். காது கேட்டதை நம்பி, கையால் தடவிப் பார்க்க மறந்துவிட்டேன்.

உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், மயிலின் கழுத்து வரைக்கும்தான் முடிந்தது. பிறகு அது கைதவறி விழுந்து உடைந்தது (வேண்டுமென்றே போட்டதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு). வயிற்றுப் பக்கத்து ஓடுகளை எடுத்து, மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்துளைக்கு மேல் மண் போகாமல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மயிலின் கண் மட்டும் இருக்கிறது.