பதில்: கலகலப்பாகப் பழக வராத போதகர்

ஐயரே, ஸ்தோத்திரம். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்குவதற்குள் சோர்ந்துபோகிறீர்கள், ‘ஐயருக்குத் தலைக்கனம்’ என்று சபைக் கமிட்டியில் பேச்சு, ஊழியத்துக்கே லாயக்கில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 3-ஐப் பாருங்கள். கண்காணி, அதாவது சபையை நடத்துகிறவன், போதகசமர்த்தனாக (போதிக்கத் திறமையுள்ளவனாக) இருக்க வேண்டும். கலகலப்பானவனாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் அந்நியரை உபசரிக்கிறவன் என்று இருக்கிறதே, அதிலிருந்து உங்களுக்கு விலக்குக் கிடையாது. அதனால் வாசலை விட்டுவிடாதீர்கள்.

கையில் வேலை இருந்தால் பேச்சு எளிதாக வரும். அசனத்தன்று, அதாவது சபை விருந்தன்று, பெரியவர்களோடு நாற்காலியில் உட்காராமல் சாம்பார் வாளியைத் தூக்குங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா பாட்டி? முட்டுவலி எப்படி இருக்கு?’ அவ்வளவு போதும், அடுத்த இலை காத்திருக்கும்.

உங்கள் பலம் வீடு சந்திப்பில்தான். ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு வீடு, அதற்கு மேல் வேண்டாம். அவர்கள் சொன்ன ஜெபக் குறிப்பை எழுதிவைத்து அடுத்த மாதம் மறக்காமல் விசாரியுங்கள். தலைக்கனப் பேச்சு தானாக அடங்கும்.

ஞாயிறு மதியம் மட்டும் கமிட்டிக் கூட்டம் வைக்காதீர்கள். கப்பர்நகூமில் பட்டணமே வாசலில் கூடிவந்த மறுநாள், இயேசுவும் இருட்டோடே எழுந்து தனியே ஜெபிக்கப் போனார் (மாற்கு 1). ஆராதனைக்குப் பிறகு தனிமை வேண்டியிருக்கிறது என்ற காரணத்தைச் செயலரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒதுங்கினால்தான் கதை கட்டுவார்கள்.