டேங்க் மட்டும் மாற்றினால் தண்ணீர் மிச்சமாகாது

வணக்கம். தண்டையார்பேட்டை அலுவலகத்தில் ஒரு தடவைக்கு 10 லிட்டர் தேவைப்படும் பழைய கழிவறைக் கோப்பையை அப்படியே விட்டு, 6/3 லிட்டர் ஃப்ளஷ் டேங்க் (முழு அழுத்தலுக்கு 6, பாதிக்கு 3 லிட்டர்) மட்டும் மாட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. இரண்டு தடவைக்கு 12 லிட்டர் போனால் மிச்சம் எங்கே? அந்தக் கோப்பையின் வளைவு 10 லிட்டர் தண்ணீரின் வேகத்துக்கு வடிவமைத்தது. கோப்பை, டேங்க் இரண்டையும் 6/3 ஜோடியாகவே வாங்குங்கள். முதலில் எஸ் டிராப்பா (கழிவு தரைக்குள் இறங்குவது), பி டிராப்பா (சுவர் வழியாக வெளியேறுவது) என்று பாருங்கள். எஸ் என்றால், டைல்ஸ் சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடுப்புள்ளிவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். இது பிசகினால் தரையை உடைக்க வேண்டிவரும்.

வாஷ்பேசினுக்கு அவசரப்பட்டு ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலக்கும், குழாய் முனைச் சல்லடை) வேண்டாம். அதில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்பது 3 பார் அழுத்தத்தில் போட்ட கணக்கு. மாடித் தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார்தான். குழாயை முழுசாகத் திறந்து, 1 லிட்டர் பாட்டில் 10 நொடிக்குள் நிரம்பினால் மட்டும் ஏரேட்டர் போடுங்கள். போர் தண்ணீரென்றால் சல்லடையில் வெள்ளையாக உப்பு படியும். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவையுங்கள்.